தோசைக்கல்லுல கருகற பீட்சா செங்கல்லுல ஏன் கருகறதில்ல?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. "அண்ணா, தோட்டத்துல விறகு பீட்சா அடுப்பு கட்டலாம்னு இருக்கேன், தளத்துக்கு ஃபயர் பிரிக்தான் (சூடு தாங்கற செங்கல்) போடணும்ங்கறாங்க, வீட்ல கனமான இரும்பு தோசைக்கல்லு ஒண்ணு சும்மா கெடக்கு, அதையே உள்ள வெச்சா வேகாதா?"

வேகும் தம்பி, ஆனா மேல சீஸ் உருகறதுக்குள்ள அடி கரியாயிரும். ஏன்னு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

அடுப்புக்குள்ள சூடு மூணு வழில வரும்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. தளத்துல இருந்து கடத்தல், சுத்தற காத்துல சலனம், கூரைல இருந்து கதிர்வீச்சு. கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையோட நாலாவது அடுக்குல ஏறும், அதனால 250 டிகிரி செல்சியஸ் கூரையை விட 450 டிகிரி கூரை மூணரை மடங்குக்கு மேல சூட்டை வீசும். நேப்பிள்ஸ் பாணி பீட்சா 60ல இருந்து 90 விநாடில வெந்துர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மேல்பக்கம் அவ்வளவுதான், இனி அடிப்பக்கத்துக்கு வருவோம்.

சூடான தளத்து மேல மாவு விழுந்த அந்த நொடியில ரெண்டும் ஒட்டற எடத்துல ஒரு வெப்பநிலை உண்டாகும். அது ரெண்டுக்கும் சரிபாதியா இருக்காது, எந்தப் பொருளுக்கு இழுப்பு ஜாஸ்தியோ அது பக்கமா சாஞ்சு நிக்கும். அந்த இழுப்புக்குப் பேரு எஃப்யூசிவிட்டி. வெப்பம் கடத்தற திறன், அடர்த்தி, தன்வெப்பம் மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா கிடைக்கும். தோராயமா மாவுக்கு 1000, செங்கல்லுக்கு 1300, வார்ப்பு இரும்புக்கு 13000 கிட்ட வரும். பாருங்க, செங்கல்லும் மாவும் ஏறக்குறைய சம பலம், இரும்பு பத்து மடங்கு.

இப்ப கணக்குப் போடுங்க. மாவு 30 டிகிரி, தளம் 400 டிகிரி. செங்கல்லா இருந்தா மாவோட அடி சுமார் 240 டிகிரியைப் பாக்கும், இரும்பா இருந்தா சுமார் 370. தெர்மாமீட்டர்ல ரெண்டு தளமும் ஒரே 400தான் காட்டும், ஆனா மாவுக்கு அது ரெண்டு வேற வேற அடுப்பு. இதுல அழகு என்னன்னா சூடு மாவோட மறுபக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ஒட்டுற எடத்து வெப்பநிலை கிட்டத்தட்ட அசையாம நிக்கும், கல்லு ஆறுதே மாவு சூடாகுதேன்னு நெனைப்போம், ஆனா ஒட்டுற கோட்டுல ரெண்டும் சமரசமா நிக்குது. (மாவுல தண்ணி ஆவியாகறதால உண்மையில கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான்.)

2018ல ஆண்ட்ரே வர்லமோவ், ஆண்ட்ரியாஸ் கிளாட்ஸ்னு ரெண்டு இயற்பியலாளர்கள், உணவு மானுடவியலாளர் செர்ஜியோ கிராஸோவோட சேர்ந்து இதையே கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. 330 டிகிரி செங்கல் அடுப்புல ரெண்டு நிமிஷத்துல வேகற பீட்சாவை ஸ்டீல் தளத்துல சுடணும்னா 230 டிகிரிக்கு எறக்கி 170 விநாடி விடணும்னு வந்துச்சு.

அதே தோசைக்கல்லை வீட்டு ஓடிஜில (சின்ன கரண்ட் அடுப்பு, OTG) 250 டிகிரில நல்லா காயவிட்டு மாவைப் போடுங்க, ஒட்டுற எடம் சுமார் 234 வரும், அதாவது 400 டிகிரி செங்கல் தளம் குடுக்கற அதே அடிச்சூடு. அதே ஓடிஜில செங்கல்லு வெச்சா 155ஐத் தாண்டாது, அடி வெளுத்துக் கெடக்கும். ஆக தோசைக்கல்லு ஓடிஜிக்கு, செங்கல்லு விறகு அடுப்புக்கு.

ஃபயர் பிரிக் கோயமுத்தூர்ல ஃபவுண்டரி சாமான் விக்கற கடைகள்ல விசாரிங்க. சாதா சிமெண்ட் வெச்சு உள்பக்கம் பூசாதீங்க, 450 டிகிரி வாக்குல அதுல இருக்கற கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணியை விட்டு உதிர ஆரம்பிக்கும், ஃபயர் கிளேதான் (சூடு தாங்கற களிமண்) சரி. நம்ம பக்கத்து சூளைக் கல்லோட எஃப்யூசிவிட்டி என்னன்னு தேடினா கைக்குக் கெடைக்காது. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல அளந்து போடக்கூடிய விஷயம், மண்ணுக்கு மண்ணு மாறும், ரொட்டி சுடற பேக்கரிக்காரருக்கும் உதவும், இந்த மாதிரி சின்ன ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கணும்ங்கறது என் ஆசை.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிருங்க. கல்லுல, மங்கலான பரப்புல சரியா காட்டும், பளபள ஸ்டீல் மேல காட்டினா கொறைச்சுச் சொல்லி ஏமாத்திரும். இல்லைன்னா கூரையைப் பாருங்க: முதல்ல கரி படிஞ்சு கறுப்பா இருக்கும், சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிஞ்சு கல்லு வெளுத்துத் தெரியும், அப்ப கூரை தயார். மாவை உள்ள தள்ள மரத் துடுப்பு நல்லது, ரவை தூவினா ஒட்டாம வழுக்கிப் போகும். திருப்பறதுக்கு சின்ன இரும்புத் துடுப்பு வேணும், தீ ஒரு பக்கம் மட்டும் இருக்கறதால அரை நிமிஷத்துலயே அந்தப் பக்க ஓரம் புள்ளிபுள்ளியா கறுக்கும்.

அடுப்பை அக்னி மூலைலதான் வெக்கணும்னு உங்க வீட்ல சொல்லுவாங்க. மூலையை விட வாய் எந்தப் பக்கம் பாக்குதுங்கறதுதான் முக்கியம் தம்பி. பாலக்காட்டுக் கணவாய்ல ஆனி ஆடில மேற்கு காத்து, மார்கழில கிழக்கு காத்து, ரெண்டும் நேரா வாய்க்குள்ள பூந்தா தளம் ஆறிரும், தீயும் உங்க மூஞ்சிக்கு வரும். வடக்கயோ தெற்கயோ பாத்து வைங்க. மழைக்காலம் முடிஞ்சதும் முதல் தடவை பெருந்தீ போடாதீங்க, கல்லுக்குள்ள ஊறின தண்ணி நீராவியாகி வெளிய வர வழியில்லாம கல்லைப் பொளந்துரும், ரெண்டு மூணு நாளு சிரட்டையும் சுள்ளியும் வெச்சு இளந்தீல காயவிட்டுட்டு அப்பறம் பெரிய விறகு வைங்க.