கோமார்பிடிட்டி: இணைநோயா, துணைநோயா?

கொரோனா காலத்தில் தமிழக அரசின் தினசரி அறிக்கை, இறந்தவர்களை இணைநோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துக் காட்டியது. அதுவரை டாக்டர்கள் வாயில் மட்டும் புழங்கிய 'கோமார்பிடிட்டி' அப்படித்தான் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தது.

லத்தீனில் 'மார்பஸ்' என்றால் நோய். 'கோ' என்றால் உடன். வேர் பழையது, சொல்லுக்கு வயது குறைவு. 1970இல் அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டீன் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு நோயை முதன்மையாக வைத்துப் பார்க்கும்போது, அதே நோயாளிக்கு ஏற்கெனவே இருக்கிற, அல்லது இடையில் வந்து சேர்கிற வேறொரு தனி நோய் என்பது அவர் தந்த பொருள். 'தனி' என்பது முக்கியம். சர்க்கரையால் விழித்திரை கெட்டால் அது பின்விளைவு. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோயும் வந்தால்தான் கோமார்பிடிட்டி.

மருத்துவ மாணவர்களின் கேஸ் ஷீட்டில் இது ஒற்றை வரி: 'கே/சி/ஓ டிஎம், ஹெச்டிஎன்'. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் ஏற்கெனவே இருப்பது தெரிந்தவர் என்று அர்த்தம். எழுதிவிட்டு நேராக நெஞ்சைப் பரிசோதிக்கப் போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே நோயாளியை விரிவாகப் பரிசோதித்துச் சொல்லும் 'லாங் கேஸ்' தேர்வில் ஒரு நோயைச் சரியாகப் பிடித்தால் பாஸ் என்ற நினைப்பில்தானே படிக்கிறார்கள்!

வார்டில் நிலைமை வேறு. ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை, பழுதான சிறுநீரகம், காசநோய், முழங்கால் வலி என்று வைத்துக்கொள்வோம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரல் பல மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். கிளிமெப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையின் பலன் குறையும். சரி, இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைக் கூட்டலாமா? அதற்குச் சிறுநீரகம் இடம் கொடுக்க வேண்டும். காசநோய்க்கான இன்னொரு மருந்தான எத்தாம்புட்டாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அது உடம்பில் தேங்கினால் பார்வை நரம்புக்கு ஆபத்து. அப்புறம், மூட்டுவலிக்கு அந்த அம்மா மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக். சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் அது, கேட்டாலொழிய கேஸ் ஷீட்டில் ஏறாது. மாணவருக்கு இவையெல்லாம் தெரியும். தனித்தனிப் பாடமாக, தனித்தனி வருடங்களில் படித்தவை. 'கே/சி/ஓ' வரியோடு நிற்பவரிடம், 'இந்த நான்கில் எது எதன் மருந்தை மாற்றுகிறது?' என்று கேட்பதிலிருந்து பாடம் தொடங்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். முதன்மை நோய் ஒன்று உண்டு என்ற மூலப் பொருளுக்குத் 'துணைநோய்' நெருக்கமானது. ஆனால் அது மற்ற நோயைச் சில்லறையாக்கிவிடுகிறது. 'உடன்நோய்' வேருக்குப் பொருத்தம், புழக்கத்தில் இல்லை. 'இணைநோய்' சமமாக நிற்கிறது, மக்களுக்கும் பழகிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன அம்மாவுக்கு மட்டும் அதுவும் போதாது. காசநோய்ப் பிரிவில் நின்றால் அவருடைய சர்க்கரை இணைநோய். சர்க்கரை ஓபியில் நின்றால் காசநோய் இணைநோய். எதையும் முதன்மையாக வைக்காத இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'மல்டிமார்பிடிட்டி' என்று வேறு சொல் இருக்கிறது. தமிழில் அதைப் 'பன்னோய் நிலை' எனலாம்.