பழைய சிஸ்டத்துக்கு லினக்ஸ் போடலாமா? முதலில் பிரிண்டரைக் காட்டுங்கள்

வியாசர்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் நின்றது. அன்றிலிருந்து கடைக்கு வருகிற பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணா, இந்த சிஸ்டத்தைத் தூக்கிப் போட்றதா, இல்ல லினக்ஸ்னு ஏதோ சொல்றாங்களே, அதைப் போட்றதா?" விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குகிற, இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு ஓ.எஸ்.தான் லினக்ஸ்.

தீபாவளி முடிந்த வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா ஷேர் ஆட்டோவில் சி.பி.யூ.வை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பழைய புடவையில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். உள்ளே மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ராம், கடகடவென்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க். வேறொரு கடையில், "இதுல விண்டோஸ் 11 ஏறாதும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகள் பதினொன்றாவது, மகன் எட்டாவது. புதுசுக்குப் பணம் புரட்டவே முடியாது என்று சொல்லும்போது அவர் கை அந்த முடிச்சைப் பிடித்தபடியே இருந்தது.

அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். ஓடுகிற மெஷினாகவே இருந்தாலும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லை என்றால் இல்லைதான். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. ஒரிஜினல் விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீடுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள ஒரு வழி கொடுத்தார்கள். அதுவும் ஒரு வருஷ அவகாசம்தான்.

அக்காவிடம் நான் கேட்டது இவ்வளவுதான். வீட்டில் யார் உட்காருவார்கள், என்ன செய்வார்கள், பிரிண்டர் இருக்கிறதா, தமிழில் டைப் செய்கிறவர்கள் உண்டா? யூடியூப்பில் பாடம் பார்ப்பது, ப்ராஜெக்ட் எழுதுவது, கரண்ட் பில் கட்டுவது, பையன் படம் பார்ப்பது. பிரிண்டர் கிடையாது, பக்கத்து ஜெராக்ஸ் கடைதான். அப்படியென்றால் தாராளமாகப் போடலாம் என்றேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சின்னதாக மாட்டி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான பதிப்பை ஏற்றினேன். மின்ட்டுக்கு 2 ஜி.பி. ராம் இருந்தாலே போதும் என்று அதை உருவாக்குகிறவர்களே சொல்கிறார்கள், 4 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பார்வைக்கு விண்டோஸ் மாதிரியே இருப்பதால் பிள்ளைகளுக்குக் கை பழக ஒரு நாள்கூட ஆகாது. இந்த மாதிரி வீடுகளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்பது என் கருத்து. புது மெஷின் வாங்கச் சொல்லிக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இதே லினக்ஸைப் போட்டு ஒருவரை நான் கஷ்டப்படுத்தியும் இருக்கிறேன்.

அவர் பாரிமுனையில் மனு டைப் செய்கிறவர். வீடு தண்டையார்பேட்டை. மிச்ச வேலையை இரவில் வீட்டில் முடிப்பார். சிஸ்டம் ஸ்லோ, வைரஸ் தொல்லை என்று கொண்டுவந்தார். ஃபைல்களை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மின்ட் போட்டேன். பளிச்சென்று ஓடியது. அவரும் சந்தோஷமாக எடுத்துப் போனார். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு போன். "தம்பி, நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள மனு குடுத்தாகணும். பிரிண்டர் அசைய மாட்டேங்குது."

அவரிடம் இருந்தது டைப்பிங் சென்டர்களில் எங்கும் பார்க்கிற சின்ன லேசர் பிரிண்டர். பத்து வருஷம் ஆனாலும் உழைக்கும், டோனர் மலிவு, அதனால்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இந்த வகை பிரிண்டருக்குச் சொந்தமாக யோசிக்கும் சக்தி கிடையாது. ஒரு பக்கத்தில் எந்த இடத்தில் கறுப்பு, எந்த இடத்தில் வெள்ளை என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டுக் கொடுப்பதே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர்தான். அந்த டிரைவரைத் தயாரிப்பாளர் விண்டோஸுக்கு மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தால், லினக்ஸில் பிரிண்டர் வெறும் பெட்டி. பழைய லினக்ஸ் டிரைவர் ஒன்று கிடைத்தது. இரவு பதினொன்றரை வரை அவர் வீட்டில் உட்கார்ந்து போராடினேன். ஒரு பக்கம் வரும், அடுத்த பக்கம் நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ் எழுத்து. அவருடைய பதினைந்து வருஷ மனுக்கள், பத்திர மாதிரிகள் எல்லாம் வானவில் ஃபான்ட்டில் இருந்தன. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு முறைக்கு முந்தைய இந்த மாதிரி ஃபான்ட்டுகளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவம் உட்கார்ந்திருக்கும். ஃபான்ட் ஃபைலை லினக்ஸில் கொண்டுவந்து போட்டால் படிக்க முடியும். ஆனால் அவர் விரல் பழகிய விசைப்பலகைக்கான மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். யூனிகோடில் அடிப்பதென்றால் லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகை உண்டு, பழைய டைப்ரைட்டர் முறையும் உண்டு. அவருக்குக் காட்டினேன். "எல்லாம் சரி தம்பி, இந்தப் பழைய மாதிரியை எல்லாம் நான் மறுபடியும் அடிக்கணுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் விடிகாலை என் கடை சிஸ்டத்திலேயே மனுவை எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரமே அவருக்கு ஒரிஜினல் விண்டோஸ் ஏற்றினேன், கூலி வாங்கவில்லை.

அன்றிலிருந்து யார் லினக்ஸ் கேட்டாலும் முதலில் பிரிண்டரின் மாடல் நம்பரைக் கேட்கிறேன். லினக்ஸ் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு உள்ளே இல்லை, அதோடு ஒட்டியிருக்கும் பொருள்களில். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை வைக்கும் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். ஹெச்.பி. பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது, பல மாடல்கள் செருகினாலே வேலை செய்யும். வேறு சிலவற்றுக்குத் தலைகீழாக நின்றாலும் வராது. எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள் கணக்கு எழுத டேலி வைத்திருப்பார்கள். டேலி விண்டோஸுக்கானது, அவர்களுக்கு லினக்ஸ் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறவர்கள் ஃபோட்டோஷாப்பையும் கோரல் டிராவையும் விட்டு வர முடியாது. வேலரண்ட் ஆடுகிற பையன்களுக்கும் இதே பதில்தான். அந்த விளையாட்டின் கள்ளாட்டத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்காது.

மேலே சொன்ன எதுவும் இல்லாத வீட்டிலும் விண்டோஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, காசு கட்டாமல் லைசென்ஸ் பூட்டை உடைக்கும் கிராக் போட்டுத் தரச் சொல்வார்கள். கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஐந்நூறு ரூபாய்க்கு ஃபார்மேட் அடித்து விண்டோஸ், ஆஃபீஸ் எல்லாம் சேர்த்துத் தருவது நம் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. அதற்கான கிராக்கை, அதாவது ஆக்டிவேட்டரை, ஓட்டும்போது என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். "முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று அதுவே கேட்கும். வீட்டு வாசல் காவலாளியை அனுப்பிவிட்டு, யாரென்றே தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுப்பது மாதிரி அது. ஆக்டிவேஷன் போய்விடுமோ என்று பயந்து அப்டேட்டையும் நிறுத்தி வைப்பார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பணம் கேட்டு உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

பெரம்பூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பை என்னால் மறக்க முடியவில்லை. எல்லா ஃபோட்டோவின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. முந்தின நாள் ஏதோ ஒரு மென்பொருளுக்குக் கிராக் இறக்கியிருக்கிறார். கிராக் வழியாகவே பரவுகிற ரான்சம்வேர் இது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். இறந்துபோன அவருடைய அம்மாவின் படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் காப்பி இல்லை. தெரிந்த மீட்பு வழிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். கடைசியில் அவர் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருந்த பதினோரு படங்கள் மட்டும் மிஞ்சின.

லினக்ஸில் கிராக் என்ற பேச்சே தேவைப்படாது. மென்பொருளைக் கண்ட தளத்திலிருந்து இறக்காமல், அதற்கென்று இருக்கும் களஞ்சியத்திலிருந்தே எடுக்கலாம். வைரஸ் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன், விண்டோஸ் வைரஸ்களை எழுதுகிறவர்களின் குறி இங்கே குறைவு என்றுதான் சொல்வேன். ஓ.டி.பி. கேட்டு வரும் போனுக்கு எந்த ஓ.எஸ்.ஸும் தடை போடாது. பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள், அது லினக்ஸ் வீட்டுக்கும் அதே நம்பர்தான்.

"அண்ணா, இலவசம்னா தரமா இருக்குமா?" என்று கேட்பவர்களிடம் அவர்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனைக் காட்டுவேன். அதன் அடியில் ஓடுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது, இன்று உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. இலவசம் என்பதைவிடக் கட்டற்றது என்பதே சரியான சொல். மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நான் பென் டிரைவில் காப்பி எடுத்துத் தந்தால் அது திருட்டாகாது.

நம் வீடுகளுக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, தொடக்கத்தில் வந்த பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் லினக்ஸை உருவாக்கியதே மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம்தான். அப்போது பிள்ளைகள் என்னிடம் வந்து, "அந்த இன்னொன்னை எடுத்துடுங்கண்ணா, படம் வைக்க இடம் பத்தல" என்பார்கள். எத்தனையோ லேப்டாப்பில் என் கையாலேயே அழித்திருக்கிறேன். அது என்ன, எதற்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட யாரும் இருக்கவில்லை. நானாவது அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். அந்த லேப்டாப்புகளில் சில இன்றும் பரணிலிருந்து இறங்கி வருகின்றன. பேட்டரி செத்திருக்கும், மற்றபடி மின்ட்டோ, லுபுன்டு என்ற இன்னொரு இலகுவான லினக்ஸோ போட்டால் சின்னப் பிள்ளைகள் படிக்க ஆகும்.

அதனால் இப்போது யாருக்கும் நேரடியாக ஏற்றித் தருவதில்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸும் அதில் ஓடும், கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு சனி, ஞாயிறு வீட்டில் வைத்துப் பாருங்கள். வை-ஃபை பிடிக்கிறதா? சில பழைய லேப்டாப்புகளில் பிடிக்காது. போனை கேபிளில் செருகி, அதன் நெட்டை வைத்து டிரைவர் இறக்க வேண்டியிருக்கும். சத்தம், கேமரா, பிரிண்டர் பாருங்கள். உங்கள் பேங்க் தளம் திறக்கிறதா, ஆஃபீஸில் அனுப்பிய எக்செல் ஷீட்டை, லினக்ஸில் எம்.எஸ். ஆஃபீஸுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆஃபீஸ் கலைக்காமல் காட்டுகிறதா என்று பாருங்கள். தானாக வேலை செய்யும் கட்டளைகளான மேக்ரோ போட்ட ஷீட் என்றால் பெரும்பாலும் தகராறுதான். ஓ.டி.டி. படங்கள் ஓடும், ஆனால் சில தளங்களில் படத்தின் தரம் குறைவாகவே வரும். பிள்ளைகள் எழுதும் ஆன்லைன் தேர்வுக்குத் தனி மென்பொருள் கேட்பார்களா என்று பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகு ஏற்றலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். வீட்டில் ஒரே மெஷின் என்றால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று பூட் வரிசையைக் கலைத்துவிட்டால் அன்றைக்குப் பிள்ளைக்குப் பாடம் போய்விடும். லினக்ஸ் ஏற்றியதும் அதில் இருக்கும் டைம்ஷிஃப்ட் என்ற வசதியை ஆன் செய்து வைத்துவிடுகிறேன். அப்டேட்டில் ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.

கொருக்குப்பேட்டை அக்கா பத்து நாள் கழித்து போன் செய்தார். ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். மகள் தமிழ்க் கட்டுரையைத் தமிழ் 99-இல் தானே அடித்துவிட்டாளாம், ஜெராக்ஸ் கடையில் திறந்தால் எழுத்து உடையுமா என்று கேட்டார். யூனிகோடு என்பதால் உடையாது, எதற்கும் பி.டி.எஃப்.ஆக மாற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றேன். அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று மகளே போனை வாங்கிக் கேட்டாள்.