சொன்ன தேதியில் வீடு வராவிட்டால்: ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவு

அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டியும் சொன்ன தேதியில் சாவி கிடைக்காதவருக்கு, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) இரண்டு வழிகளைத் தருகிறது. வீடே வேண்டாம் என்று விலகி, கட்டிய தொகை முழுவதையும் வட்டியோடு திரும்பப் பெறலாம். இல்லையெனில் காத்திருந்து, வீடு கைக்கு வரும் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். எந்த வழி என்பதை வாங்கியவரே முடிவு செய்யலாம். பில்டர் சொல்லும் காரணங்கள் இந்த உரிமையைத் தடுக்காது என்று 2021-இல் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. இவ்வளவு வலுவான உரிமையை ஒரே கையெழுத்தில் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒப்பந்தத்தில் உள்ள தேதியைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் பிரிபடாத பாகத்துக்கு, அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பங்குக்கு, ஒரு கிரயப் பத்திரமும் கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தமும் போடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அப்படி இரண்டாகப் போட்டிருந்தால், ஒப்படைக்கும் தேதி பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். அங்கே "பணி தொடங்கியதிலிருந்து 24 மாதங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால், பணி என்றைக்குத் தொடங்கியது என்பதே பிறகு வழக்காகும். நாள், மாதம், ஆண்டு எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் பணம் வாங்கவே கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

தாமதம் ஆனதும் பில்டர் அலுவலகத்திலிருந்து ஒரு துணை ஒப்பந்தம் வரும். அதில் புதிய தேதி இருக்கும். கையெழுத்திட்டால் பழைய தாமதத்தை நீங்களே மன்னித்துவிட்டதாக வாதிடுவார்கள். "ரெராவே எங்களுக்கு அடுத்த ஆண்டு வரை அவகாசம் கொடுத்திருக்கிறது" என்பார்கள். ஆனால் ரெராவில் திட்டத்தைப் பதிவுசெய்யும்போது பில்டர் தானாகக் குறிப்பிடும் தேதி, உங்களுக்கு எழுதிக் கொடுத்த தேதியை மாற்றிவிடாது. சாவி வாங்கும் நாளில் நீட்டப்படும் தாளைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதன் நடுவில் இருக்கும். அதை அடித்துவிட்டு, "தாமத வட்டிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதி, கையெழுத்திடும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அல்லது 8 வீடுகளுக்கு மிகாமல் கட்டும் திட்டங்களுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை என்பதால், சிறிய திட்டத்தில் வாங்குபவர் அது பதிவானதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காவல் நிலையத்துக்குப் போனால் சிவில் விவகாரம் என்பார்கள். சிவில் நீதிமன்றத்துக்குப் போனால், ரெரா விவகாரங்களை அது விசாரிக்கக் கூடாது என்ற 79-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பணத்தையும் வட்டியையும் ரெரா ஆணையத்திடம் கேட்க வேண்டும்; மன உளைச்சல் முதலியவற்றுக்கான இழப்பீட்டை, அதை முடிவுசெய்ய இதே சட்டப்படி நியமிக்கப்படும் தீர்ப்பு அலுவலரிடம் தனி மனுவாகக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் மாதங்கள் வீணாகும். 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை நம்பி வாடகைக்கும் வங்கித் தவணைக்கும் கணக்குப் போடாதீர்கள்.

உத்தரவு கிடைத்தாலும் பணம் தானாக வராது. பில்டர் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க 40-ஆம் பிரிவு இடம் தருகிறது; ஆனால் அதற்காக ரெரா அனுப்பும் வசூல் சான்று ஆட்சியர் அலுவலகம் போய், அங்கிருந்து வட்டாட்சியரிடம் போய், "சொத்து விவரம் இல்லை" என்ற குறிப்போடு கிடப்பில் விழுந்துவிடுகிறது. யாரோ தேடித் தருவார்கள் என்று காத்திருக்காமல், பில்டரின் பெயரில் உள்ள நிலங்களின் சர்வே எண்களையும் வில்லங்கச் சான்றுகளையும் நீங்களே திரட்டி, ஆட்சியருக்கு எழுதும் மனுவோடு இணைத்துவிடுங்கள். மனுவை ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ஆட்சியர் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது அந்த ஒப்புகை தேவைப்படும்.