ஆஸ்டெரிட்டி: சிக்கனமா, வெட்டா?

ஓர் அரசு கடனையும் பற்றாக்குறையையும் குறைக்கப் போகிறேன் என்று சொல்லிப் பொதுச் செலவில் கை வைப்பதை ஆங்கிலத்தில் ஆஸ்டெரிட்டி என்பார்கள். கூடவே வரி ஏறுவதும் உண்டு. தமிழ்ச் செய்திகளில் இது பெரும்பாலும் ‘சிக்கன நடவடிக்கை’ என்றே வருகிறது. பிரிட்டனில் 2010க்குப் பிறகு மாற்றுத்திறனாளிகள் நடத்திய போராட்டங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் இடறும்.

முதலில் வேர். கிரேக்கத்தில் ‘ஆஸ்டெரோஸ்’ என்பது நாக்கை உலர்த்திச் சொரசொரப்பாக்கும் சுவை. நம் துவர்ப்புதான். (ஈரம் போகத் துடைப்பதைத் தமிழில் துவர்த்துதல் என்பதுண்டு. இரண்டு மொழிகளுக்கும் தொடர்பில்லை, பொருத்தம் மட்டும் அழகு.) அது லத்தீன், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கடுமை, கண்டிப்பு, துறவியின் தன்னொறுப்பு என்று பொருள் விரிந்தது. அரசின் வரவு செலவுக் கணக்கில் அது ஒட்டிக்கொண்டது வெகு பின்னால். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் பிரிட்டன் ரேஷனில் வாழ்ந்த ஆண்டுகளை இந்தப் பெயரால்தான் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ரேஷன் முழுவதும் முடிய 1954 ஆயிற்று. ஆனால் அந்தத் தட்டுப்பாட்டுக்கு நடுவில்தான், 1948 ஜூலையில், எல்லாருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அன்றைய ஆஸ்டெரிட்டியில் சுருங்கியது வீட்டுச் செலவு. அரசு நலத்திட்டங்களைக் கட்டிக்கொண்டிருந்தது.

2009இல் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரன் ‘ஆஸ்டெரிட்டி யுகம்’ என்று பேசியபோது சொல் அதேதான், திசை வேறு. 2010இல் அவர் தலைமையில் கூட்டணி அரசு வந்ததும் முதல் பட்ஜெட்டிலேயே, மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு செலவைக் குறைக்கும் திட்டம் வந்தது. எல்லாரும் சேர்ந்தே சுமப்போம் என்பது அப்போதைய நிதியமைச்சரின் முழக்கம். அந்த ஆண்டு மெரியம் வெப்ஸ்டர் அகராதி தேர்ந்தெடுத்த ஆண்டின் சொல்லும் ஆஸ்டெரிட்டிதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘சிக்கென’ என்றால் இறுக, உறுதியாக. சிக்கனத்தை அதோடு இணைத்துப் பார்ப்பதுண்டு. எப்படியானாலும் தமிழில் அது பாராட்டுச் சொல். சிக்கனமானவர் என்றால் நல்ல பெயர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார் என்கிறோமே, அதில் கட்டப்படுவது அவரவர் வாயும் வயிறும். அரசின் சிக்கனத்தில் முடிவெடுப்பவர் ஒருவர், வயிற்றைக் கட்டுபவர் இன்னொருவர். ‘சிக்கன நடவடிக்கையை எதிர்த்துப் போராட்டம்’ என்று எழுதினால், ஊதாரித்தனத்துக்கு ஆதரவாக யாரோ தெருவில் இறங்கியதுபோல ஆகிவிடும்.

வேறு சொற்கள்? ‘ஒறுப்பு’ நல்ல பழஞ்சொல். தண்டிப்பது, தன்னையே வருத்திக்கொள்வது என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. ஆனால் இன்று பேச்சில் இல்லை. ‘செலவுக் குறைப்பு’ புரியும், ஆனால் யார் செலவு என்று சொல்லாது.

போராடியவர்கள் தங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்ப்பது நல்ல வழி. 2010 அக்டோபரில் பர்மிங்காமில் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டை ஒட்டி நடந்த பேரணியிலிருந்து உருவான அமைப்பின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘வெட்டுகளுக்கு எதிரான மாற்றுத்திறனாளிகள்’. ஆஸ்டெரிட்டி என்ற சொல்லே அதில் இல்லை. இவர்கள் சண்டை போட்டது தனித்தனி வெட்டுகளோடு. 2012இல் லண்டன் பாராலிம்பிக்ஸுக்கு ஆட்டோஸ் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஆதரவாளர். வேலை செய்ய முடியுமா என்று மாற்றுத்திறனாளிகளைச் சோதிக்கும் அரசு ஒப்பந்தமும் அதே நிறுவனத்திடம் இருந்தது. அதைக் கேலி செய்து ‘ஆட்டோஸ் விளையாட்டுகள்’ என்று போராட்டம் நடத்தினார்கள். முன்பு சொன்ன உதவித்தொகைக்குப் பதிலாக 2013இல் வந்த புதிய உதவித்தொகையில், நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான உயர்ந்தபட்சத் தொகைக்கு 50 மீட்டராக இருந்த நடை அளவு 20 மீட்டராகச் சுருங்கியது. இருபதைத் தாண்டி நடந்துவிட்டால் அந்தத் தொகை கைவிட்டுப் போகலாம், அதைக் கொடுத்து வாடகைக்கு எடுத்திருந்த காரும் கூடவே போகும்.

அதே ஆண்டு, உள்ளாட்சிகளும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்குத் தரும் சமூக வீடுகளில் ‘உபரி’ படுக்கையறை ஒன்று இருந்தால் வாடகை உதவியில் 14 சதவீதம் பிடித்தார்கள். உடல்நிலையால் தம்பதி தனித்தனியே தூங்கும் அறையும் உபரிதான். அரசு இதை மானிய நீக்கம் என்றது, எதிர்த்தவர்கள் படுக்கையறை வரி என்றார்கள். மக்கள் நாவில் நின்றது வரிதான். உடல்நிலையால் ஒரே அறையில் தூங்க முடியாத தம்பதிக்குச் சாதகமாக 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

எனக்குப் பெரிதாகப் படுவது சுயசார்பு வாழ்க்கை நிதியின் கதை. 1988இல் தொடங்கிய இந்த நிதி, தீவிர உடல் வரம்பு உள்ளவர்கள் தாங்களே உதவியாளரை வேலைக்கு வைத்துக்கொண்டு, விடுதிக்குப் போகாமல் சொந்த வீட்டில் வாழ வழிசெய்தது. இதை மூட அரசு எடுத்த முடிவு சட்டப்படி செல்லாது என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசு புதிதாக முடிவெடுத்து, 2015 ஜூன் 30 அன்று மூடியேவிட்டது. மூடுவதற்குச் சில நாள் முன்பு, பிரதமர் கேள்வி நேரத்தில், போராட்டக்காரர்கள் சக்கர நாற்காலிகளோடு நாடாளுமன்ற அவைக்குள் நுழையப் பார்த்தார்கள், காவலர்கள் தடுத்தார்கள். இங்கிலாந்தில் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் போனது. ஸ்காட்லாந்து தனக்கென அதேபோன்ற நிதியை வைத்துக்கொண்டது. இதைச் சிக்கனம் என்று மொழிபெயர்க்க எனக்குக் கை வரவில்லை. போராட்டக்காரர்களின் புகாரை விசாரித்த ஐ.நா. குழு, இந்தச் சீர்திருத்தங்களால் உரிமைகள் கடுமையாக அல்லது திட்டமிட்ட முறையில் மீறப்பட்டுள்ளன என்று 2016இல் அறிக்கை தந்தது. அரசு ஏற்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: பொதுவாக எழுதும்போது ‘பொதுச்செலவு வெட்டு’, உதவித்தொகைகளைப் பற்றி எழுதும்போது ‘நலச்செலவு வெட்டு’. அரசு சொன்னதை மேற்கோளாகத் தரும் இடத்தில் ‘சிக்கனக் கொள்கை’ இருக்கட்டும். 1940களைப் பற்றியென்றால் ‘தட்டுப்பாட்டுக் காலம்’ போதும்.

இப்போது அந்தச் சொல்லை ஆட்சியாளர்களே தவிர்க்கிறார்கள். 2024 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி ஆஸ்டெரிட்டிக்குத் திரும்பப் போவதில்லை என்றது. ஆட்சிக்கு வந்து அடுத்த ஆண்டே மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான தகுதியை இறுக்க மசோதா கொண்டுவந்தது, ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில். சொந்த உறுப்பினர்களே எதிர்த்ததால் 2025 ஜூலை 1 அன்று, விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே, அந்தப் பகுதியைக் கைவிட்டது. உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கூடுதலாகத் தரும் உடல்நலத் தொகையில், புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கான வெட்டு மட்டும் சட்டமாகிவிட்டது.