நன்கொடையாளர் செலவில் பாத அறுவை சிகிச்சை: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

பிறவியிலேயே பாதம் உள்பக்கம் திரும்பியிருப்பதை மருத்துவர்கள் கிளப்ஃபுட் என்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பெரிய அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது. இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி வாரம் ஒரு மாவுக்கட்டு, பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு, பிறகு சீரான பாதம் மீண்டும் திரும்பாமல் பிடித்து வைக்கும் பிரேஸ் காலணி. கவனிக்காமல் விட்டால் வளர வளர எலும்புகள் கோணலாகவே இறுகிவிடும். பெரியவர்களுக்கு எலும்பை வெட்டிச் சீராக்கவோ மூட்டுகளை இணைக்கவோ நேர்வது அதனால்தான்.

இந்தச் செலவைத் தாங்க முடியாதவர்களுக்காகப் பலரிடம் சிறு தொகைகளாகத் திரட்டும் அமைப்புகள் உள்ளன. 2012இல் தொடங்கிய வாட்சி அவற்றில் ஒன்று. இத்தகைய அமைப்புகளை நோயாளி நேரில் அணுகுவதைவிட, அவற்றோடு இணைந்த மருத்துவமனை வழியாகப் போவதே வழக்கம். அங்கே மருத்துவர் பரிசோதித்துச் செலவை மதிப்பிடுவார். அமைப்பு ஒப்புதல் தரும். பணம் மருத்துவமனைக்கே போய்ச் சேரும். நோயாளியின் கையில் ரொக்கம் தருவதில்லை. உதவி வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒப்புதல் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பங்கள் நிம்மதி அடைந்துவிடுகின்றன. எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். ‘அறுவை சிகிச்சைச் செலவு’ என்ற தொகைக்குள் எதெல்லாம் அடங்கும் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். கட்டு மாற்ற மீண்டும் மீண்டும் வரும் பயணம், உடன் இருப்பவரின் தங்குமிடம், இழந்த கூலி, இயன்முறைப் பயிற்சி, சிறப்புக் காலணி ஆகியவை அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று தனித்தனியே கேளுங்கள். குழந்தையென்றால் பிரேஸைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கைந்து வயது வரை தூங்கும்போதும் அதை அணிய வேண்டும். இடையில் நிறுத்தினால் பாதம் மறுபடியும் திரும்பிவிடக்கூடும். கால் வளர்வதால் பிரேஸையும் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

படம், பெயர், குடும்பக் கதை ஆகியவற்றை இணையத்தில் வெளியிடவும் ஒப்புதல் கேட்பார்கள். அது சிகிச்சைக்கான ஒப்புதலிலிருந்து வேறானது. இரண்டையும் தனித்தனியே படித்துக் கையெழுத்திடுங்கள். பெயரை மாற்றலாமா, பின்னாளில் படத்தை நீக்கச் சொல்லலாமா, மறுத்தால் உதவி நின்றுவிடுமா என்றெல்லாம் தயங்காமல் கேளுங்கள். இலவசமாகச் சிகிச்சை பெறுகிறவருக்கும் இவற்றைக் கேட்க முழு உரிமை உண்டு.