மனசு சொல்வதா, பயம் சொல்வதா?

“எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு” என்று யாராவது சொன்னால், “பட்டும் நடக்காமல் போனது எத்தனை?” என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. பலித்ததுதான் நினைவில் நிற்கும்.

ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மருத்துவமனையில் மூத்த தாதி. மானிட்டரில் எண்கள் ஒழுங்காக இருக்கும்போதே, “இந்தத் தாத்தா முகம் சரியில்லை” என்று டாக்டரை அழைப்பார். பலமுறை அவர் பயந்தது சரியாகவே இருந்திருக்கிறது. வீட்டிலோ, கணவர் வரப் பத்து நிமிடம் தாமதமானால் வாட்ஸ்அப்பில் ‘லாஸ்ட் சீன்’ பார்ப்பார். கேட்டில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே அவர் எந்த மனநிலையில் வருகிறார் என்று முடிவுகட்டுவார். “என்மேல கோபமா?” “இல்லம்மா, அசதி.” ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்வி.

உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர்க் கருத்துக் கொண்டிருந்த உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் கேரி கிளைனும். 2009-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு வேண்டும்; நம் கணிப்பு சரியா தவறா என்பது நமக்குத் திரும்பத் திரும்பத் தெரியவேண்டும். வார்டில் இரண்டும் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவு சில மணி நேரத்தில் சொல்லிவிடும். வீட்டில் கணவர் சொல்லும் பதிலை இவர் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சாவிச் சத்தம் சின்ன வயதில் படித்த பாடம். அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில், கேட் திறக்கும் விதத்தைக் கேட்டே தம்பியை அறைக்குள் இழுத்துப்போகத் தெரிந்த பிள்ளை இவர். அன்றைக்கு அந்தக் கணிப்பு பிசகியதில்லை. அதனால், இதை வெறும் ‘வீண் பயம்’ என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

நெஞ்சுப் படபடப்பை வைத்து உள்ளுணர்வையும் பதற்றத்தையும் பிரிக்க முடியாது. நிஜ ஆபத்திலும் அது வரும். விடை கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். உள்ளுணர்வு குறிப்பாக ஒன்றைக் காட்டும், சரிபார்த்ததும் அடங்கும். பதற்றம் அடுத்த சந்தேகத்துக்குத் தாவும். அந்தத் தாதியிடம், பயம் வந்ததும் கணிப்பைக் கைப்பேசியில் எழுதி, நடந்ததை மறுநாள் பக்கத்தில் குறிக்கச் சொன்னேன். வார்டில் கிடைக்கும் விடை வீட்டிலும் கிடைக்கட்டும் என்றுதான்.

வீட்டில் இன்றும் அடி, மிரட்டல் இருந்தால் இந்தப் பயிற்சி வேண்டாம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, முதலில் பாதுகாப்பைத் தேடுங்கள். மற்றபடி தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் போனால் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) டாக்டரிடம் பேசலாம். சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண் 1771-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.