வீட்டில் தோட்டா நிரப்ப அமெரிக்கச் சட்டம் யாரை அனுமதிக்கிறது?

மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து பாழாக்கும் பிரெய்ரி நாய் (அணில் இனக் கொறிவிலங்கு), கன்றுகளைத் தூக்கும் கயோட்டி (சிறிய ஓநாய் போன்றது) முதலிய விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்கென்றே அமெரிக்காவில் தனி ரைஃபிள்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குக் கடையில் தோட்டா கிடைக்காது. வழக்கமான ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, குண்டைப் பிடிக்கும் கழுத்தைக் குறுக்கியோ, அதற்குக் கீழே சரியும் தோளை நகர்த்தியோ ஆர்வலர்களே உருவாக்கிய வகைகள் அவை. வைல்ட்கேட் என்று அழைப்பார்கள். .223 ரெமிங்டன் கூட்டின் கழுத்தை .20 அங்குலக் குண்டுக்கு ஏற்பக் குறுக்கினால் கிடைக்கும் '20 பிராக்டிகல்' அப்படிப்பட்டது. இன்று எல்லாக் கடைகளிலும் விற்கும் .22-250 தோட்டாவும் 1965இல் ரெமிங்டன் நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் வரை வைல்ட்கேட்தான். இத்தகைய ரைஃபிள் வைத்திருப்பவர் பெரும்பாலும் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். அதாவது கூட்டில் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைத் தானே பொருத்த வேண்டும்.

இதற்குக் கூட்டாட்சி அரசின் உரிமம் தேவையில்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தோட்டா தயாரிப்பதைத் தொழிலாக நடத்துபவரிடம் மட்டுமே உரிமம் கேட்கிறது. விற்று வாழ்வதும் லாபம் ஈட்டுவதும் முக்கிய நோக்கமாக, தொடர்ந்து செய்தால்தான் அது தொழில். சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்புபவர் இதில் வரமாட்டார். புதிய தோட்டா வடிவத்தை எங்கும் பதிவு செய்யவும் வேண்டாம். விற்பனையில் இறங்கினால் ஆறாம் வகை உரிமம் வேண்டும். கட்டணம் மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர்தான். ஆனால் அதோடு விற்பனை விலையில் 11 சதவீதக் கலால் வரியும் வந்து சேரும்.

நண்பருக்கு ஒரு பெட்டி இலவசமாகக் கொடுத்தால் அது தொழில் ஆகாது. ஆனாலும் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். வைல்ட்கேட் ரைஃபிள்களில் தோட்டா உட்காரும் அறையின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. உங்கள் துப்பாக்கியில் பத்திரமாக வெடிக்கும் தோட்டா, அவருடையதில் அழுத்தம் எல்லை மீறிக் கண்ணையும் கையையும் பறித்துவிடலாம்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. முழுத் தோட்டாவை மட்டும் இந்தச் சட்டம் தோட்டா என்று கொள்வதில்லை. பித்தளைக் கூடு, பிரைமர், குண்டு, வெடிமருந்து ஆகிய நான்கும் தனித்தனியே அந்த வரையறைக்குள் வருகின்றன. எனவே தோட்டா வைத்திருக்கத் தடை உள்ளவர், மேசை இழுப்பறையில் ஒரு பெட்டி பிரைமர் வைத்திருந்தாலும் குற்றம்தான்.

ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தீர்ப்புப் பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் போன்றோருக்கு இந்தத் தடை உண்டு. பலரும் அறியாதது என்னவென்றால், எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களும் இதே பட்டியலில் இருக்கிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரர்களுக்கு முக்கியமான ஒரு விலக்கு, ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம். அது கையில் இருந்து, காலாவதி ஆகாமலும் இருந்தால் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்த பிறகே அந்த உரிமம் கிடைக்கும்.

உரிமம் காலாவதியான மறுநாள் நிலைமை மாறிவிடுகிறது. புதுப்பிக்க மறந்தவரின் வீட்டில் மீதமிருக்கும் வெடிமருந்து டப்பாவே அவருக்கு எதிரான சான்றாகிவிடும். இந்தக் குற்றத்துக்கு 2022 முதல் அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. தண்டனையோடு நாடு கடத்தலும் வரலாம். பத்தாண்டு காத்திருந்து நெருங்கிவந்த கிரீன் கார்டை இப்படி இழக்க வேண்டாம். உரிமத்தின் கடைசி நாளை நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பைப் பொறுத்தவரை, பல ஊர்களின் தீயணைப்பு விதிகள் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் தரநிலையைப் பின்பற்றுகின்றன. வீட்டில் புகையற்ற வெடிமருந்து 20 பவுண்டு வரை, வாங்கிய டப்பாவிலேயே வைக்கலாம். 20 முதல் 50 பவுண்டு என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள பலகையால் செய்த பெட்டி தேவை. பிரைமர் 10,000க்கு மேல் கூடாது. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

தோட்டாவைச் சட்டப்படி நிரப்பிவிட்டாலும் அதை எங்கும் எதன் மீதும் சுடலாம் என்று பொருளில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டுயிரையும் ஈயக் குண்டால் வேட்டையாடக் கூடாது. கையால் நிரப்பிய தோட்டாவுக்கும் இது பொருந்தும். கொலராடோவில் மான் வேட்டைக்குக் குறைந்தது .24 அங்குலக் குண்டு வேண்டும். எனவே .20 வைல்ட்கேட் அங்கே மானுக்கு உதவாது. பிரெய்ரி நாய்களிலும் யூட்டா பிரெய்ரி நாய் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள இனம். அதன் வாழிடத்துக்குப் போகும் முன் மாநில வனவிலங்குத் துறையின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

விமானப் பயணத்தில் தோட்டாவைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. அதற்கென்றே செய்த பெட்டியில் அடுக்கி, ஒப்படைக்கும் பெட்டியில் மட்டும் வைக்கலாம். விமான நிறுவனத்தின் விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வெடிமருந்துக்கும் பிரைமருக்கும் இரண்டிலும் இடமில்லை. அமெரிக்க அஞ்சல் துறையும் தோட்டா, வெடிமருந்து, பிரைமர் எதையும் ஏற்காது.

ஊருக்குக் கிளம்பும்போது இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் கருவிகளையும் தோட்டா என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும் நாட்டுக்குள் கொண்டுவருவதும் குற்றம். சுடுதளத்துக்கு எடுத்துச் சென்ற பையை ஊர்ப் பயணத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் மூலையில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்கு பதிவாகலாம். அது தெரியாமல் வந்தது என்று நீங்கள்தான் நீதிமன்றத்தில் விளக்கிக்கொண்டிருக்க நேரிடும்.